சென்னையில் இருந்தபடி வெளிநாட்டு ரிமோட் இன்ஜினீயரை வேலைக்கு எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிண்டி, பெருங்குடி, அம்பத்தூர் பக்கம் இருபது முப்பது பேரோடு சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துபவர்களிடம் பேசினால் எல்லோருக்கும் ஒரே கவலைதான். நல்ல டெவ்ஆப்ஸ் (சாஃப்ட்வேரை சர்வரில் ஏற்றி ஓடவைக்கும்) ஆளோ அனுபவமுள்ள பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் ஓடும் கோட் எழுதும்) ஆளோ கிடைப்பதில்லை. கிடைத்தாலும், 90 நாள் நோட்டீஸ் முடிந்து அவர் சேர்வதற்குள் ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனம் கூடுதல் சம்பளம் சொல்லி அவரை அழைத்துக்கொள்கிறது. அதனால் சிலர் கொழும்பு, யாழ்ப்பாணம், ஹனோய், மணிலா, நைரோபி என்று வெளியே பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இத்தனை காலம் அமெரிக்காவும் ஐரோப்பாவும் நம்மிடம் ஆள் தேடி வந்தன. இப்போது நாமும் தேடும் இடத்தில் இருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பள வித்தியாசம் ஒன்றுக்காக மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். உலகக் கணக்கில் சென்னைச் சம்பளமே குறைவு. ஹனோயில் இருக்கும் நல்ல சீனியர் ஒருவர் சென்னை விலையில் பாதிக்கு வரப்போவதில்லை. வரி, வங்கிக் கட்டணம், ஆடிட்டர் செலவு எல்லாம் சேர்ந்தால் மிச்சம் என்று நினைத்ததில் பெரும்பகுதி கரைந்துவிடும். இங்கே கிடைக்காத திறமை அங்கே கிடைக்கிறது, சீக்கிரம் கிடைக்கிறது, அவர் நிலைத்தும் இருப்பார் என்றால் போங்கள். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: வேலையை எழுதி வையுங்கள்

"ஃபுல்ஸ்டாக் ஆள் வேண்டும்" என்பது வேலை விவரம் ஆகாது. முதல் மூன்று மாதத்தில் அவர் முடித்துத் தர வேண்டியது என்ன, யாரிடம் ரிப்போர்ட் செய்வார், சென்னை நேரத்தில் எந்த நான்கு மணி நேரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த வேலை ரிமோட்டுக்கு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். பக்கத்து மேசைக்குத் திரும்பிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும் பழக்கத்திலேயே ஓடும் டீமில், தூரத்தில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் திணறிவிடுவார்.

படி 2: நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

சென்னைக்காரர்களுக்கு என் முதல் பரிந்துரை இலங்கை. நேர வித்தியாசமே கிடையாது. இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம். மொரட்டுவை பல்கலைக்கழக மாணவர்கள் ஓப்பன் சோர்ஸ் (எல்லோருக்கும் திறந்துவைத்த கோட்) திட்டங்களுக்கு மாணவர்களை எழுதவைக்கும் கூகுளின் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் பல ஆண்டுகள் உலக அளவில் எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தவர்கள். கொழும்பில் 2005-இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 போன்ற நிறுவனங்கள் ஓப்பன் சோர்ஸில் ஆழமான அனுபவமுள்ள ஒரு தலைமுறையையே வளர்த்திருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் கணினி படித்த தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பலாலி விமான நிலையம் 2019-இல் மறுபடி திறந்த பிறகு சென்னையிலிருந்து நேரடி விமானமும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சந்திப்பது பெரிய செலவில்லை. நேரில் ஒருமுறை சேர்ந்து சாப்பிட்டவரோடு வீடியோ காலில் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து பழகியவர்கள் அங்கே அதிகம். சொன்னதைச் சொன்னபடி முடிப்பதில் கெட்டி. பேச்சு ஆங்கிலத்தில் சிலருக்குத் தயக்கம் இருக்கும். எழுத்தில் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். பிலிப்பைன்ஸ் இரண்டரை மணி நேரம் முன்னால், ஆங்கிலம் சரளம். சப்போர்ட், டெஸ்டிங் போன்ற வேலைகளுக்கு நல்ல இடம். கென்யா இரண்டரை மணி நேரம் பின்னால். மொபைலில் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை 2007-இலேயே வந்துவிட்ட நாடு என்பதால் மொபைல் பேமெண்ட் தெரிந்தவர்களை நைரோபியில் தேடலாம். நேபாளம் நம்மைவிடப் பதினைந்து நிமிடம் மட்டுமே முன்னால். அங்கே இன்னொரு வசதியும் உண்டு: நேபாள ரூபாயின் மதிப்பு இந்திய ரூபாயோடு 1.6 என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இருவருக்கும் நாணய ஏற்ற இறக்கம் பற்றிய பயம் இல்லை.

படி 3: எந்த முறையில் எடுப்பது?

மூன்று வழி உண்டு. அவரைத் தனிநபர் கான்ட்ராக்டராக எடுக்கலாம். அந்த நாட்டிலுள்ள சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றின் மூலம் எடுக்கலாம். அல்லது டீல் (Deel), ரிமோட் (Remote) போன்ற இடைநிலை நிறுவனங்கள் அந்த நாட்டுச் சட்டப்படி அவரைத் தங்கள் ஊழியராக வைத்துக்கொண்டு நமக்கு வேலை செய்யவிடும். மூன்றாவது வழியில் ஆளுக்கு மாதம் சில நூறு டாலர் கட்டணம் போகும்.

முதல் ஆளுக்குக் கான்ட்ராக்டர் முறை போதும். ஆனால் ஒருவரை முழுநேரமாக வைத்து, வேலை நேரம், லீவு எல்லாவற்றையும் நாமே தீர்மானித்து, ஆண்டுக்கணக்கில் மாதச் சம்பளம் மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தால், காகிதத்தில் கான்ட்ராக்டர் என்று எழுதியிருப்பது நிற்காது. அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் அவரை ஊழியர் என்றே பார்க்கலாம். அப்படி வந்தால் இலங்கையில் முதலாளி பங்காக ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 12 சதவீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்கப்படலாம். பிலிப்பைன்ஸில் ஊழியருக்குப் பதிமூன்றாம் மாதச் சம்பளம் 1975-லிருந்தே சட்டப்படி கட்டாயம். டிசம்பர் 24-க்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒருவர் நிரந்தரமாக நம்மோடு இருப்பார் என்று தெரிந்ததும் மூன்றாவது வழிக்கு மாற்றிவிடுங்கள். கட்டணம் போனாலும் அவருக்கும் பிஎஃப், காப்பீடு என்று ஒரு பிடிமானம் கிடைக்கும். அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

இன்னொரு விஷயம். அவர் நம் சார்பில் அங்கே வாடிக்கையாளர்களோடு ஒப்பந்தம் பேசி முடிக்கும் நிலைக்குப் போனால், நம் நிறுவனத்துக்கு அங்கே நிலையான தொழிலிடம் இருப்பதாகச் சொல்லி அந்த நாட்டு வரித்துறை நம்மிடம் வரி கேட்க வாய்ப்புண்டு. கோட் எழுதுபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. விற்பனை ஆளை எடுக்கும்போது ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 4: உண்மையான செலவைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். பிறகு முதல் பேமெண்ட் அன்று வங்கியில் நின்றுகொண்டு ஆடிட்டருக்கு ஃபோன் போடுகிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்குத் தொழில்நுட்பச் சேவைக்காகப் பணம் அனுப்பினால் நாம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டிய பொறுப்பு வருகிறது. 1961 வருமான வரிச் சட்டத்தில் இது 195-ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. ஆடிட்டர்கள் பேச்சில் இன்னும் பழைய எண்களே புழங்குவதால் நானும் அதையே சொல்கிறேன். உள்நாட்டுச் சட்டப்படி விகிதம் 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8. 2023 வரை இது 10 சதவீதமாக இருந்தது. இன்னும் 10 என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நாட்டோடு இந்தியாவுக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்து, அதிலுள்ள விகிதம் குறைவாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். பல ஒப்பந்தங்களில் தொழில்நுட்பச் சேவைக்கு 10 சதவீதம்தான். தனிநபராகச் சேவை தருபவர்களுக்குச் சில ஒப்பந்தங்களில் தனி விதி உண்டு. அவர் இந்தியாவுக்கு வராமல் அங்கிருந்தே வேலை செய்தால் இங்கே வரியே இல்லாமல் போகவும் இடமுண்டு. இந்தச் சலுகைக்கு இரண்டு காகிதம் தேவை: அவருடைய நாட்டு வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றிதழ், நம் வருமான வரித் தளத்தில் அவர் பதிவு செய்யும் 10எஃப் படிவம். சான்றிதழ் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். ஆள் ஓகே ஆன அன்றே கேட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. "எனக்குக் கையில் 1,500 டாலர் வேண்டும்" என்று அவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரியை நாம்தான் ஏற்க வேண்டும். 10 சதவீத விகிதத்தில் நம் செலவு சுமார் 1,667 டாலர். சான்றிதழ் இல்லாமல் 20.8 சதவீதம் என்றால் சுமார் 1,894 டாலர். மாதம் 227 டாலர் வித்தியாசம். ஆண்டுக்கு 2,700 டாலருக்கு மேல். ஒரு சான்றிதழை நேரத்தில் கேட்காததால் மட்டுமே இந்தப் பணம் போகிறது. சம்பளம் பேசும்போதே வரி போகக் கையிலா, வரிக்கு முன்னாலா என்று இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். பிடித்த டிடிஎஸ்ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, டிடிஎஸ் சான்றிதழை அவருக்கு அனுப்புங்கள். அதைக் காட்டித்தான் அவர் தன் ஊர் வரியில் கழித்துக்கொள்ள முடியும்.

அப்புறம் ஜிஎஸ்டி. வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் முறை) நாமே 18 சதவீத ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் பதிவு செய்யவில்லை என்று இருக்க முடியாது. ரிவர்ஸ் சார்ஜ் வந்துவிட்டால் பதிவு கட்டாயம். இந்த வரியைக் கிரெடிட்டிலிருந்து (முன்பு கட்டிய ஜிஎஸ்டியின் வரவிலிருந்து) கட்ட முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட் செய்யும் நிறுவனம் என்றால் ரீஃபண்டும் கேட்கலாம். கடைசியில் செலவில்லை என்றாலும், கையிருப்புப் பணம் சில மாதம் முடங்கும். சிறு நிறுவனத்துக்கு அது பெரிய விஷயம்.

படி 5: ஆளைத் தேடிச் சோதியுங்கள்

லிங்க்ட்இன்னில் விளம்பரம் போடலாம். ஆனால் கிட்ஹப்பில் நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குப் பங்களித்தவர்களைப் பார்ப்பதும், அந்த ஊர் டெவலப்பர் குழுக்களில் விசாரிப்பதும் இன்னும் நல்ல பலன் தரும். விளம்பரத்தில் சம்பள வரம்பை டாலரில் வெளிப்படையாகப் போடுங்கள். மறைத்துப் பேரம் பேசுவது நம்மூர் வழக்கம். தூரத்து ஆளிடம் அது நம்பிக்கையைக் கெடுக்கும்.

டாலரில் சம்பளம் என்பதற்கு அவர்கள் தரும் மதிப்பையும் புரிந்துகொள்ளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. உள்ளூர் ரூபாயில் சம்பளம் வாங்கியவர்களுக்குக் கண்ணெதிரே கிட்டத்தட்ட பாதி போனது. அந்த நினைவு அங்கே யாருக்கும் மறக்கவில்லை. அவர்கள் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சாக்காக வைத்து விலையைக் குறைப்பது தவறு, தொழிலுக்கும் நல்லதல்ல. அந்த ஊர்ச் சந்தையின் மேல் தட்டில் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால்தான் அடுத்த ஆஃபர் வரும்போது அவர் போகாமல் இருப்பார்.

நேர்காணலில் கேமரா ஆனில் இருக்க, இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் கோட் எழுதிப் பாருங்கள். ஒருவர் பேச இன்னொருவர் வேலைக்கு வரும் ப்ராக்ஸி இன்டர்வியூ சென்னைக்குப் புதிதல்ல. வெளிநாட்டில் அதன் அபாயம் இன்னும் பெரிது. வட கொரிய ஐடி ஆட்கள் போலி அடையாளத்தில் ரிமோட் வேலை வாங்குவதாக 2022 மே மாதம் அமெரிக்க அரசு வெளிப்படையாக எச்சரித்தது. அடையாள ஆவணத்தில் இருக்கும் பெயர், வங்கிக் கணக்கின் பெயர், அவர் சொல்லும் ஊர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கணக்கு வேறு நாட்டில், வேறு பெயரில் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு சிறு வேலையைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நிஜ ரெப்போவில் (டீமின் கோட் சேமித்திருக்கும் இடம்), நிஜக் கோட் ரிவ்யூவோடு. இலவச அசைன்மெண்ட் கேட்க வேண்டாம். நல்ல ஆட்கள் அதைச் செய்ய மாட்டார்கள், செய்யவும் வேண்டியதில்லை. இந்த இரண்டு வாரத்தில் கோடைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள்: புரியாத இடத்தில் நின்று கேட்கிறாரா, இல்லை மூன்று நாள் மௌனமாக இருந்துவிட்டுத் தப்பாகச் செய்து தருகிறாரா? ரிமோட்டில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்தான் நிலைப்பார்.

நோட்டீஸ் காலம் நாட்டுக்கு நாடு மாறும். வியட்நாமில் காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருப்பவர் விலகுவதற்குச் சட்டப்படி 45 நாள். நம்மூர் 90 நாளோடு ஒப்பிட்டால் நிம்மதி.

படி 6: ஒப்பந்தத்தில் கோட் யாருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள்

நாம் காசு கொடுத்தோம், கோட் நமக்குத்தான் என்று நினைப்பது இயல்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஊழியர் வேலையில் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். ஆனால் கான்ட்ராக்டர் எழுதியது, எழுத்தில் மாற்றித் தராதவரை, அவருக்கே சொந்தம். மாற்றித் தரும் ஒப்பந்தத்திலும் பொறிகள் உண்டு. எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எந்த நாடுகளுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி ஆகிவிடும். எனவே "எழுதப்படும் கணத்திலேயே, உலகம் முழுவதற்கும், உரிமையின் முழுக் காலத்துக்கும், 19-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு பொருந்தாது என்ற ஒப்புதலோடு மாற்றித் தருகிறேன்" என்ற பொருளில் வாசகம் இருக்க வேண்டும். அவருடைய நாட்டுச் சட்டத்துக்கும் அது செல்லுமா என்று அந்த ஊர் வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நாளைக்கு நிறுவனத்தில் முதலீடு செய்ய வருபவரோ வாங்க வருபவரோ முதலில் கேட்கும் காகிதங்களில் இதுவும் ஒன்று.

தகராறு வந்தால் கோர்ட் வேண்டாம், நடுவர் மன்றம் என்று எழுதுங்கள். 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் நடுவர் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் நடைமுறையில் நம்மைக் காப்பாற்றுவது, கோட் தினமும் நம் ரெப்போவுக்கு வந்து சேர்வதும் வேலைக்கேற்பப் பணம் போவதும்தான்.

படி 7: பணத்தைச் சரியான நாளில் அனுப்புங்கள்

அவர் இன்வாய்ஸ் அனுப்புகிறார். வெளிநாட்டுக்குப் பணம் போவதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் 15சிஏ படிவத்தையும், தேவையான இடத்தில் ஆடிட்டர் சான்றான 15சிபி படிவத்தையும் ஆடிட்டர் போடுகிறார். பணம் எதற்குப் போகிறது என்று சொல்லும் பர்ப்பஸ் கோடை வங்கியில் கொடுத்து, வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வழியில் அனுப்புகிறோம். சாஃப்ட்வேர் கன்சல்டன்சிக்கு எஸ்0802. இந்த வரிசை முதல் மாதம் இழுக்கும், பிறகு பழகிவிடும். இன்வாய்ஸ் 25-ஆம் தேதி வரவேண்டும் என்று வைத்துக்கொண்டால் மாத முதலில் அவர் கையில் பணம் இருக்கும். அனுப்பும் கட்டணம் முழுவதையும் நாமே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இடையிலுள்ள வங்கிகள் ஆளாளுக்குக் கழித்து, ஒவ்வொரு மாதமும் அவருக்கு வெவ்வேறு தொகை போய்ச் சேரும். அமெரிக்க வாடிக்கையாளர் உள்ளவர்கள் ஈஈஎஃப்சி கணக்கில் (ஏற்றுமதி வருமானத்தை வெளிநாட்டு நாணயமாகவே வைக்கும் வங்கிக் கணக்கு) இருக்கும் டாலரிலிருந்தே கொடுத்தால் இரண்டு முறை நாணய மாற்றும் நஷ்டம் மிச்சம்.

படி 8: கதவுகளைப் பூட்டுங்கள்

லேப்டாப் அனுப்பி கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்வதைவிட, கிளவுடில் ஒரு டெஸ்க்டாப் கொடுப்பது எளிது. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு, தேவையான ரெப்போவுக்கு மட்டும் அனுமதி, நிஜ வாடிக்கையாளர் தகவல் இல்லாத டெஸ்ட் டேட்டா. இவை முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தகவல் கசிந்தால் பொறுப்பு நம் நிறுவனத்துடையது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சைபர் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், லாக்குகளை (கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் 2022-இலிருந்து உத்தரவு இருக்கிறது. தூரத்து ஆள் இரவில் ஏதோ கவனித்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று ஒரு ஃபோன் நம்பர் அவரிடம் இருக்கட்டும்.

படி 9: முதல் மூன்று மாதம்

இங்கேதான் ஆள் நிலைப்பதும் போவதும் தீர்மானமாகிறது. சென்னை ஆபீஸில் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே லேப்டாப்பில் அவரைத் திரையில் வைத்துக்கொண்டு மீட்டிங் நடத்தாதீர்கள். பாதிப் பேச்சு அவருக்குக் கேட்காது. நடுவில் தமிழில் ஒரு சிரிப்பு போகும், அவர் தனியாகிவிடுவார். ஒருவர் ரிமோட் என்றால் எல்லோரும் அவரவர் திரையில் வரட்டும். காபி குடிக்கும் இடத்தில் எடுத்த முடிவையும் இரண்டு வரியில் எழுதிப் போடுங்கள். யாழ்ப்பாணத்துக்காரரோடு தமிழில் பேசலாம், அது பெரிய வசதி. ஆனால் நம் சென்னைப் பேச்சின் வேகம் அவருக்குப் பழக்கமில்லை. அவர் பேச்சும் நமக்கு அப்படித்தான். வேலை விவரங்கள் எழுத்தில் இருக்கட்டும்.

முதல் மாதம் டீமில் ஒருவரை அவருக்குத் துணையாக நியமித்து, அந்த நேரத்தைத் துணையாக இருப்பவரின் வழக்கமான வேலையிலிருந்து குறைத்துவிடுங்கள். சும்மா "ஏதாவது வேணும்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் வாரத்திலேயே சின்னதாக ஒன்றை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்ப வையுங்கள்.

விடுமுறைக் காலண்டரைச் சேர்த்துப் போடுங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. வியட்நாமில் தெட் புத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் நாடே மூடியிருக்கும். நேபாளத்தில் தசைன் பண்டிகை. அந்த நாட்களில் ரிலீஸ் வைத்துவிட்டு "அவசரம்" என்று ஃபோன் அடிப்பது நாம் பொங்கலன்று வாங்கிய அதே அழைப்புதான். சம்பள உயர்வு, பாராட்டு, ஆர்க்கிடெக்சர் முடிவில் இடம், இவை எல்லாவற்றிலும் அவரைச் சென்னை ஆள் மாதிரியே நடத்துங்கள். மலிவான கை என்று டீமில் ஒருவர் நினைத்தாலும் அது அவருக்குத் தெரிந்துவிடும். நம் பிள்ளைகள் ஆன்சைட் மேனேஜர்களிடம் பட்டதை நாம் அடுத்தவருக்குச் செய்யக் கூடாது.

படி 10: பிரியும்போது

சரிவரவில்லை என்றால் மூன்றாம் மாதத்துக்குள் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் இருபக்கமும் 30 நாள் நோட்டீஸ் போதும். கடைசி நாளில் ரெப்போ, கிளவுட், சாட், மெயில் அனுமதிகளை ஒரு பட்டியல் வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். பகிர்ந்த பாஸ்வேர்டுகள், ஏபிஐ சாவிகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கடைசி இன்வாய்ஸைப் பிடித்து வைக்காதீர்கள். ஆண்டின் டிடிஎஸ் சான்றிதழையும், அவர் செய்த வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு பரிந்துரைக் கடிதத்தையும் அனுப்புங்கள். கொழும்பிலோ ஹனோயிலோ அந்தத் தொழில்நுட்ப வட்டம் சின்னது. அடுத்து நீங்கள் போடும் விளம்பரத்தைப் பார்ப்பவர் முதலில் விசாரிப்பது அவரிடம்தான்.